நயம் பெட்டியும் ஒரு நல்ல வார்த்தையும்

என் குரலை மூன்று கண்டங்களில் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர்கூட என் குரலைக் கேட்டதில்லை.

சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இரவுப்பணி பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கோ துணி துவைக்கும் இயந்திரம் கெட்டுப்போனவர்கள் கூப்பிடுவார்கள். நான் பேசுவது கோயம்புத்தூர் இங்கிலீஷ். நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்துகொண்டு அதை அவர்கள் பக்கத்து வீட்டுக்காரனின் இங்கிலீஷாக மாற்றி அனுப்பும். அவர்கள் கத்துவதையும் அப்படியே விடாது. என் பரம்பரையையே இழுத்துத் திட்டினாலும், ‘எனக்குச் சற்று வருத்தமாக இருக்கிறது’ என்றுதான் என் காதில் விழும்.

ஒரு நாள் அந்த மென்பொருள் படுத்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர்கள் ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே ஓடினார்கள். நான் மட்டும் உட்கார்ந்து அத்தனை வசவையும் கேட்டேன். யாரோ என்னோடு பேசுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. மென்பொருளை யாரோ சரிசெய்து முடித்ததும் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

“திட்டு வாங்கறதுக்காடா நல்ல வேலைய உட்டுட்டு வந்த? அத வூட்லயே குடுப்பமே” என்றார் அப்பா. சொன்ன சொல் தவறாமல் இன்றுவரை கொடுத்துவருகிறார்.

அப்புறம் எனக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை வேலை. வடவள்ளியில் ஜெயக்கொடி அம்மாவின் பேக்கரிக்கு மேலே ஒரு சின்ன ஹால். அங்கே சாயங்காலம் கரோக்கி மன்றம் கூடும். ஓய்வுபெற்றவர்கள், பல் டாக்டர், பாத்திரக்கடைக்காரர் என்று ஒரு கூட்டம். பாட்டின் பின்னணி இசை மட்டும் ஓட, செல்போனில் வரிகளைப் பார்த்துக்கொண்டு பழைய சினிமாப் பாட்டுகளைப் பாடுவார்கள். கீழேயிருந்து தேங்காய் பன் வாசம் வரும். பாட்டு எப்படி இருந்தாலும் வாசம் நன்றாக இருக்கும். மைக்கும் பெட்டியும் என் பொறுப்பு.

முதல் நாள் ஜெயக்கொடி அம்மா அந்தப் பெட்டியைக் காட்டினார். டிபன் கேரியர் அளவு. மேலே ‘நயம்’ என்று எழுதியிருந்தது.

“இது என்ன பண்ணும்னு தெரியுமா தம்பி?”

“தெரியுங்கம்மா. நான் வேலை பாத்த ஆபீஸ்ல இதுக்குப் பெரியண்ணன் இருந்துது. பொய் சொல்லும்.”

“பொய்யில்ல. நாசூக்கு.”

மைக்கில் யார் பாடினாலும் பெட்டி அதைச் சுருதி பிசகாமல் அவர் குரலிலேயே திருத்தி ஒலிபெருக்கியில் தரும். தொண்டையிலிருந்து நேராக வரும் சத்தத்தை, கூரையிலிருந்து எதிர்ச்சத்தம் அனுப்பி ஹாலுக்குள்ளேயே கொன்றுவிடும். பாடுகிறவருக்கும் திருத்திய குரல்தான் கேட்கும். தலைக்குள் எங்கோ மூலையில் உண்மைக்குரல் முனகும். ஆனால் இரண்டு குரல்களில் நல்லது எதுவோ அதையே தன்னுடையது என்று மனிதன் நம்பிவிடுகிறான்.

“இது வர்றதுக்கு முன்னாடி மன்றம் ரெண்டாப் போச்சு தம்பி” என்றார் அவர். “ஒருத்தர் பாடி முடிச்சதும், ‘சுருதி சேரலீங்களே’ன்னு இன்னொருத்தர் வாய் தவறிக் கேட்டுட்டாரு. அந்த மனுசன் மைக்க வெச்சுட்டுப் போனவருதான். இப்ப வூட்லகூட முணுமுணுக்கறதில்லியாமா. நல்லாப் பாடுனாரா இல்லியாங்கறது முக்கியமில்ல. பாடிட்டிருந்தாரு. அதைக் கெடுத்தாச்சு.”

நான் மைக் ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

அதன் பிறகு அவர் மன்றத்துக்கு மரியாதைகளை வகுத்தார். தன் பாட்டு முடிந்ததும் எழுந்து போகக்கூடாது. அடுத்தவர் பாடும்போது நாற்காலியிலிருந்து கூடவே பாடக்கூடாது. ஒருவர் வழக்கமாகப் பாடும் பாட்டை அவரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது. ஜோடிப்பாட்டில் பக்கத்தில் நிற்பவர் பாடும்போது செல்போனைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று: அடுத்துப் பாட வருகிறவர் மைக்கை வாங்கியதும், பாடி முடித்தவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தன் பாட்டைத் தொடங்க வேண்டும்.

என்னையும் பாடச் சொன்னார்கள். மறுப்பது மரியாதை இல்லையாம். எனக்கு முன்னால் பாடியவரைப் பற்றி யோசித்து யோசித்து, “பாட்டு நல்லபடியா முடிஞ்சுதுங்க” என்றேன். பாத்திரக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பெட்டியின் திரை ஆபரேட்டருக்கு மட்டும் தெரியும்படி சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும். எவ்வளவு திருத்துகிறது என்பதை அதில் ஒரு சிவப்புப் பட்டை காட்டும். பல் டாக்டர் பாடினால் பட்டை பாதிவரை வரும். ஜெயக்கொடி அம்மாவுக்கு அதைத் தாண்டும். நான் பாடியபோது பட்டை முழுக்க நிறைந்தது. அப்புறம் கீழே ஒரு வரி மின்னியது: ‘பாடுபவர் எவரும் இல்லை.’

அதாவது, திருத்துவதற்கு இதில் எதுவும் இல்லை என்று பெட்டி முடிவுகட்டி, அதுவாகவே ஒரு குரலை உண்டாக்கிப் பாடிக்கொண்டது. அடுத்து வந்த பல் டாக்டரம்மா, “லோகு தம்பி கொரல்ல என்னமோ ஒரு ஆழம் இருக்குதுங்க” என்றார். நான் பெட்டிக்காக வணக்கம் சொன்னேன்.

அந்தப் பெட்டிக்கு வேலையே கொடுக்காதவர் ஒரே ஒருவர்தான். நஞ்சப்பண்ணன். அறுபதைத் தாண்டியவர். காய்கறி மார்க்கெட்டில் ஆயுசு முழுக்க ஏலம் விட்டவர். பேசினால் சரளைக்கல்லை மண்வெட்டியில் அள்ளுவது போலிருக்கும். பாடினால் அதே தொண்டையிலிருந்து வேறொரு ஆள் வெளியே வருவார். அவர் பாடும்போது மட்டும் சிவப்புப் பட்டை அசையாமல் கிடக்கும். அந்த நேரத்தில் நான் பெட்டியை மறந்துவிட்டுப் பாட்டைக் கேட்பேன்.

அவர் மனைவி துளசியக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவர் பாடுவதில்லை. கணவர் பாடி முடிக்கும்வரை பன் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்திருப்பதுதான் அவருடைய சங்கீதம்.

ஆடி மாதம் போல நஞ்சப்பண்ணனின் பட்டை கொஞ்சம் எழுந்தது. சளியாக இருக்கும் என்று நினைத்தேன். ஐப்பசியில் பல் டாக்டரின் அளவுக்கு வந்தது. தை பிறந்தபோது என்னைத் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தது. ஹாலில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாட்டில் அதே குரல், அதே கைதட்டல்; பேச்சில் கரகரப்பு அவருக்கு எப்போதும் உள்ளதுதான். கடைசியில் ஒரு ஞாயிறு பட்டை நிறைந்து அந்த வரியே மின்னியது: ‘பாடுபவர் எவரும் இல்லை.’

என்னைப் பற்றி அது அப்படிச் சொன்னால் நியாயம். அவரைப் பற்றிச் சொன்னதும் பெட்டியைத் தட்டிப்பார்த்தேன்; வரி மாறவில்லை.

நாற்காலிகளை அடுக்கும்போது ஜெயக்கொடி அம்மாவிடம் சொன்னேன்.

“ஆபரேட்டர் திரைல பாக்கறத வெளிய சொல்லக்கூடாது. மொத நாளே சொன்னனா இல்லியா?”

“குரல் மங்குனாப் பரவால்லீங்கம்மா. இது மங்கல. நின்னே போச்சு. தொண்டைல என்னமோ இருக்குதுங்க.”

“நீ டாக்டரா?”

“இல்லீங்க.”

“பாடகனா?”

“அதைப் பெட்டியே சொல்லிருச்சுங்க.”

“அப்பறமென்ன? வயசானா எல்லாருக்கும் கொரல் போகத்தான் செய்யும். அதுக்குத்தான பெட்டி. அவரு வாரத்துல ஒரு நா சந்தோசமாப் பாடிட்டுப் போறாரு. நீ போயி அதுல மண்ணள்ளிப் போடாத.”

அடுத்த வாரம் நஞ்சப்பண்ணனிடமே போனேன். “அண்ணா, தொண்டைய ஒருக்கா டாக்டர்ட்டக் காட்டுங்களேன்.”

“ஏன் கண்ணு, நல்லாப் பாடலியா?”

“நல்லாத்தானுங்க இருந்துது.”

“அப்பறம் என்ற தொண்டை மேல உனக்கென்ன கண்ணு? உன்ற தொண்டைய மொதல்ல எங்கியாச்சும் அடகு வெச்சுட்டு வா. ஆரும் மீட்கப்போறதில்ல.” சொல்லிவிட்டு என் தோளில் தட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தத் தட்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக இருந்தது.

துளசியக்காவிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன், வீட்டில் எப்படிப் பாடுகிறார் என்று.

“வூட்ல இப்பல்லாம் பாடறதே இல்லீங்க தம்பி” என்றார் பெருமையாக. “ஞாயித்துக்கெழமைக்குன்னு சேத்து வெக்கறாராமா. முன்னெல்லாம் குளிக்கறப்ப தெருவே கேக்கும்.”

எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அவருக்கே தெரியாமல் அவர் குரல் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் நம்பினேன். உண்மையைச் சொல்கிறவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு வேறு. வேலையில்லாதவனுக்கு இந்த மாதிரி நினைப்புகள் எளிதில் வந்துவிடும்.

அவர் பாடும்போது பெட்டியை அணைத்துவிடலாம். ஒரு பொத்தான்தான். ஆனால் அது நாலு பேர் முன்னால் ஒருவர் வேட்டியை உருவுவது. என் வேட்டியை நானே உருவிக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. இந்த ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். விருந்தாளி ஒருவர் உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டால், இவர்களும் உப்பைக் கேட்காமல் சாப்பிட்டு முடிப்பார்கள். ஒருவன் அம்மணமாக நின்றால், தாங்கள் மட்டும் பட்டு உடுத்தி நிற்கக் கூசுவார்கள். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் பலகையில் நஞ்சப்பண்ணன் பெயருக்கு முன்னால் என் பெயரை எழுதினேன்.

என் முறை வந்தது. பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு அணைந்தது.

“இன்னிக்கு நான் பெட்டியில்லாமப் பாடறனுங்க” என்றேன். அந்த ஒரு வாக்கியத்திலேயே இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

என் உண்மைக்குரலை நானும் ஒழுங்காகக் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. தகரக் கதவு தரையில் இழுபடுவது போலத் தொடங்கியது. சரணத்தில் மேலே போக வேண்டிய இடத்தில் நான் மேலே போனேன், குரல் வரவில்லை. குரல் வந்தபோது பாட்டு வேறெங்கோ இருந்தது. டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். இரசிக்கிறார் என்று நினைக்கும் நிலையில் நான் இல்லை. கீழே பன் அடுக்கிக்கொண்டிருந்தவர் படியேறி வந்து கதவருகே நின்றார்.

“ஆரோ உழுந்துட்டாங்களோன்னு பாக்க வந்தனுங்க.”

ஹால் சிரித்துவிட்டது. மரியாதை மன்றத்தில் ஒருவரைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் முறை. நான் பாட்டை முழுதாக முடித்தேன். பாதியில் விடுவது மரியாதை இல்லை.

நஞ்சப்பண்ணன் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி... மைக்கக் கீழ போடாமப் புடிச்சிருந்தாப்ல.”

மறுபடி சிரிப்பு. அவரும் சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில், “போடு கண்ணு” என்றார்.

பெட்டியைத்தான் சொன்னார். என் கை பொத்தான் மேல் இருந்தது. அவர் கண்ணைப் பார்த்தேன். ஏலத்தில் கடைசி விலை கேட்டுவிட்டு, வேறு ஒருவரும் கை தூக்கிவிடக்கூடாதே என்று நிற்கிறவனின் கண். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இவருக்குத் தெரியும்.

நான் பொத்தானை அழுத்தத்தான் போனேன். அது உண்மை.

“வேண்டாங்க” என்று முன்வரிசையிலிருந்து துளசியக்கா சொன்னார். “அந்தத் தம்பியே மிசினில்லாமப் பாடிப்போட்டாப்ல. நீங்க போயி மிசின் போட்டுப் பாடுனா நல்லாவா இருக்கும்? உங்களுக்கெதுக்குங்க அது? சும்மாப் பாடுங்க.”

மனைவிக்கு அவ்வளவு பெருமை. ஹால் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. மறுக்க மரியாதையில் இடமில்லை. நஞ்சப்பண்ணன் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனார். இசை ஓடத் தொடங்கியது.

அவர் வாயைத் திறந்தார். சுருதி தப்பவில்லை, தாளம் தப்பவில்லை. குரல்தான் இல்லை. பஞ்சரான டியூபிலிருந்து போவது போல வெறும் காற்று. அந்தக் காற்றின் நடுவே எப்போதாவது ஒரு கீறல். அவர் நிறுத்தவில்லை. எல்லாச் சங்கதிகளையும் காற்றிலேயே பாடினார். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் சரியாக விழுந்தது.

துளசியக்காவின் மடியிலிருந்து பன் பொட்டலம் தரையில் விழுந்தது.

அடுத்து ஜெயக்கொடி அம்மா. மைக்கை வாங்கினார். நல்ல வார்த்தை சொல்ல வேண்டியவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அன்று மன்றம் அத்தோடு கலைந்தது.

பேக்கரிப் படிக்கட்டில் நஞ்சப்பண்ணன் என் சட்டையைப் பிடித்தார்.

“எனக்குத் தெரியும்டா.”

“இப்பத்தானுங்க எனக்கும் தெரிஞ்சுது.”

“கார்த்திகைலயே தெரியும். பேத்திக்குத் தாலாட்டுப் பாடறன், காத்துத்தான் வருது. அவ அழுவறா. ஒருத்தருக்கும் சொல்லாம டாக்டர்ட்டப் போனன். கொரவளைல கேன்சர் கட்டி. முன்னாடியே வந்திருந்தாக் கரண்ட்டு வெச்சே சரி பண்ணியிருக்கலாம்னாரு. இப்பக் குரல்பெட்டியவே எடுக்கோணுமாமா. முன்னாடியே எப்புடிடா வர்றது? வாராவாரம் இங்க வந்து பாடறன். உன்ற பெட்டி எனக்கே நல்லாத்தான கேக்க வெக்குது!”

“தெரிஞ்சப்பறம் ஏனுங்கண்ணா போகல?”

“எடுத்துட்டா அப்பறம் என்ன இருக்குது? இங்க மட்டுந்தான் என்ற கொரலு இருந்துது. இன்னொரு ஞாயிறு, இன்னொரு ஞாயிறுன்னு ஓட்டிட்டு இருந்தன். அதையும் புடுங்கிட்டயேடா, வெளங்காதவனே!”

அப்புறம் திட்டத் தொடங்கினார். மார்க்கெட்டில் ஆயுசு முழுக்கச் சேர்த்துவைத்த வசவு. காற்றும் கரகரப்புமாக, ஒன்றையும் மிச்சம் வைக்காமல் கொட்டினார். “உன்னையெல்லாம் கூறு கட்டி வெச்சு ஏலம் உட்டாலும் ஒருத்தனும் எடுக்கமாட்டான்டா! பன் மூட்டையோட சேத்து இனாமாக் குடுத்தாலும் திருப்பி அனுப்பிப்போடுவாங்க!” நடுவில் எதுவும் நின்று திருத்தவில்லை. மென்பொருள் படுத்த அந்த நாள் ஞாபகம் வந்தது. அவருக்கு மூச்சு வாங்கும்வரை நின்று கேட்டேன்.

“முடிஞ்சுதுங்களா?”

“முடியல. மூச்சு வாங்குது.”

“ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணா. போயிட்டு வந்து மிச்சத்தத் திட்டுங்க. போகலீன்னா உங்க எழவுக்கு நான்தான் பாடுவன். பெட்டியில்லாம.”

அவர் என் சட்டையை விட்டார். படியில் உட்கார்ந்தார். சிரித்தாரா இருமினாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. துளசியக்கா இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். ஓட்டுநர் இல்லாத ஆட்டோ ஒன்று வந்து கதவைத் திறந்து, “உங்கள் பயணம் இனிதாகுக” என்றது. “நீ வேற வாய மூடு” என்றார் துளசியக்கா.

அவருக்கு அறுவை நடந்தது. பிழைத்துக்கொண்டார். குரல் போனது போனதுதான்.

மன்றம் திருந்திவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த வாரமே பெட்டியைப் போடச் சொன்னார்கள். பல் டாக்டர் மட்டும் ஒரு வாரம் பெட்டியில்லாமல் முயன்றுபார்த்துவிட்டு, மறுவாரம் அதனிடமே திரும்பிவிட்டார். நான்தான் பெட்டியில்லாமலே பாடிவந்தேன். கொள்கை ஒன்றும் இல்லை. ஒருமுறை வேட்டியை உருவியபின் திரும்பக் கட்டச் சோம்பல்.

பங்குனியில் நஞ்சப்பண்ணன் வந்தார். கழுத்தைச் சுற்றி மெல்லிய துண்டு. கையில் சின்ன டார்ச் மாதிரி ஒரு கருவி. அதைத் தொண்டையில் வைத்துப் பேசினால் வண்டு ரீங்கரிப்பது போல ஒரு குரல் வரும். பலகையில் அவர் பெயரை என் பெயருக்கு அடுத்ததாக ஜெயக்கொடி அம்மாவே எழுதினார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அவரோட பழைய பாட்டெல்லாம் பெட்டிக்குள்ள பதிவா இருக்குதில்ல? மைக்கு முன்னாடி அவரு சும்மா வாயசைச்சாப் போதும். பெட்டி பழைய கொரல்ல பாடிரும். எல்லார்ட்டயும் சொல்லிட்டன். ஆரும் வித்தியாசமாப் பாக்கமாட்டாங்க. நீ பச்சை லைட்ட மட்டும் போட்டு உடு.”

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மோசமானவர் இல்லை. அன்று மைக்கோடு நின்றவர் அதிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை. அன்று சொல்லாமல்விட்ட நல்ல வார்த்தைக்கு ஈடாகத் தரவேண்டியது இது என்று நம்பினார். நானும் சரியென்றேன். ஒரு மனிதரின் குரலை ஒருமுறை பறித்தவனுக்கு இரண்டாவது முறை வாய் எழவில்லை.

நஞ்சப்பண்ணன் ஒருவர் பாட்டுக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். யாரும் கூடப் பாடவில்லை. என் முறை வந்தது. பாடினேன். இடைப்பட்ட வாரங்களில் நான் முன்னேறியிருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அது சந்தேகமாகவே இருந்திருக்கலாம்.

அவர் மேடைக்கு வந்தார். ஹால் மொத்தமும் முதுகை நிமிர்த்தி, கைதட்டத் தயாராக முகத்தை இனிமையாக்கிக்கொண்டது. நான் பொத்தான் மேல் விரலை வைத்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினார். வேண்டாம்.

விரலை எடுத்தேன். விளக்கு எரியவில்லை.

ஒரு கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கருவியைத் தொண்டையில் வைத்தார். எனக்கான நல்ல வார்த்தை பாக்கி இருந்தது.

“ப-டு மோ-ச-முங்-க” என்றார்.

வண்டுக்குரல் சுவர்களில் மோதித் திரும்பியது. அவர் கருவியை மறுபடி வைத்தார்.

“போ-ன தட-வை-க்கு இது மோ-சம்.”

முதலில் சிரித்தது துளசியக்கா. மடியிலிருந்த பன் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே சிரித்தார். நஞ்சப்பண்ணன் மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். பாட்டு முடிந்த களைப்பும் நிம்மதியும் அவர் முகத்தில் இருந்தன. மைக்கை வாங்கிய பாத்திரக்கடைக்காரர், அவருக்கு என்ன நல்ல வார்த்தை சொல்வது என்று தெரியாமல் விழித்தார். ஜெயக்கொடி அம்மா வாயைத் திறந்து மூடினார். இதற்கு மன்றத்தில் மரியாதை எதுவும் வகுக்கப்பட்டிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் அவருக்கு முன்னால் என் பெயரையே எழுதச் சொன்னேன். அவருக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அதற்கான சரக்கு என்னிடம் நிறைய இருக்கிறது.